நாயை விட்டுட்டு ஊருக்குப் போறீங்களா? போர்டிங்கில் கேட்க வேண்டிய 7 கேள்விகள், கையில் கொடுக்க வேண்டிய 1 கடிதம்



பொங்கல், தீபாவளி நெருங்கினா எனக்கு ஒரே மாதிரி மெசேஜ் நிறைய வரும். "சார், ஊருக்குப் போறோம், நாயை எங்க விடுறது? ஒரு இடத்துல நாளைக்கு 500 கேக்கறாங்க, இன்னொரு இடத்துல 850 கேக்கறாங்க. எதுக்கு எக்ஸ்ட்ரா குடுக்கணும்?"

வரி, எஸ்ஐபி, ஹோம் லோன் பேசற இடத்துல நாய் எதுக்குன்னு சிலர் நினைக்கலாம். இதுவும் பணம் சம்பந்தப்பட்ட முடிவுதான். சொல்லப்போனா, எமர்ஜென்சி ஃபண்ட்னா உண்மையிலேயே என்னன்னு எனக்குப் புரிய வெச்சதே ஒரு நாய்தான். முதல்ல அந்தக் கதையைச் சொல்லிடறேன்.

3 மணி 25 நிமிஷம்

எங்க வீட்ல சீனின்னு ஒரு லாப்ரடார் இருந்தான். எட்டு வயசு. ஒரு கல்யாணத்துக்காகத் திருநெல்வேலி போக வேண்டியிருந்தது. சீனியை நாங்க வழக்கமா விடற அக்கா வீட்ல விட்டுட்டு எழும்பூர்ல நைட் ரயில் ஏறினேன். அந்த அக்கா நாய்ங்களை உயிரா பாத்துக்கறவங்க. அவங்க மேல எனக்கு இன்னைக்கும் ஒரு குறையும் கிடையாது.

போனை சைலன்ட்ல போட்டுட்டுத் தூங்கிட்டேன். மதுரை ஜங்ஷன்ல முழிப்பு வந்து பார்த்தா மணி நாலு. 14 மிஸ்டு கால்.

நடந்தது இதுதான். ராத்திரி பதினொன்றரைக்கு சீனி வாந்தி எடுக்கற மாதிரி ஓங்கரிச்சுக்கிட்டே இருந்திருக்கான், ஆனா ஒண்ணும் வெளிய வரல. வாய்ல எச்சில் ஒழுகியிருக்கு, ஒரு இடத்துல உட்கார முடியாம சுத்திச் சுத்தி வந்திருக்கான். அக்கா அஜீரணம்னு நினைச்சு ஓம வாட்டர் குடுத்துப் பார்த்திருக்காங்க. வயிறு மேளம் மாதிரி உப்ப ஆரம்பிச்சதும் பயந்துபோய், பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி, அவர் கார்ல போட்டு 12:45-க்கு ஒரு கிளினிக்குக் கொண்டு போயிட்டாங்க.

டாக்டர் பார்த்த உடனே சொல்லிட்டார். இரைப்பை காத்தால உப்பி முறுக்கிக்கிட்டிருக்கு, ஆபரேஷன் பண்ணணும். பெரிய உடம்பு, ஆழமான நெஞ்சு உள்ள நாய்களுக்கு, அதுவும் வயசானா, இது வரும். இரைப்பை முறுக்கிக்கிட்டா ரத்த ஓட்டம் நின்னுபோகும். அங்கேருந்து ஒவ்வொரு மணி நேரமும் கணக்குதான்.

மயக்க மருந்து குடுக்க ஓனரோட சம்மதம் வேணும், முன்பணம் 25,000 வேணும்னு கிளினிக்ல கேட்டிருக்காங்க. அக்கா கையில 6,000 இருந்திருக்கு. என் நாய் இல்ல, நான் எப்படி கையெழுத்துப் போடறதுன்னு அவங்களுக்குத் தயக்கம். என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்காங்க. டாக்டர் அதுவரைக்கும் காத்தை வெளிய எடுக்க முடிஞ்ச அளவுக்கு எடுத்துக்கிட்டே காத்திருந்திருக்கார்.

நான் 4:10-க்கு வாட்ஸ்அப்ல சம்மதம் சொல்லிப் பணம் அனுப்பினேன். ஆபரேஷன் நடந்தது. இரைப்பையில ஒரு பகுதி ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது. மறுநாள் மத்தியானம் சீனி போயிட்டான்.

12:45-லேர்ந்து 4:10 வரைக்கும் 3 மணி 25 நிமிஷம். சீக்கிரம் பண்ணியிருந்தா கண்டிப்பா பிழைச்சிருப்பான்னு டாக்டர் சொல்லல. வாய்ப்பு அதிகமா இருந்திருக்கும்னு மட்டும் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் இன்னும் என் கூடவே இருக்கு.

யோசிச்சுப் பாருங்க. ஆறு மாசச் சம்பளம் எமர்ஜென்சி ஃபண்டா என் அக்கவுன்ட்ல பத்திரமா இருந்தது. எமர்ஜென்சி ஃபண்ட் பத்தி ஊருக்கே கிளாஸ் எடுக்கற ஆள் நான். பணம் இருந்தது, பாசம் இருந்தது, டாக்டரும் இருந்தார். அந்த நேரத்துல அங்க நின்னவங்க கையில பணமும் இல்ல, அனுமதியும் இல்ல.

அதனால இந்தப் பதிவுல ரெண்டு பாகம். போர்டிங் வெச்சிருக்கறவர் தயாரா இருக்காரான்னு கண்டுபிடிக்கறது எப்படி? நாம தயாரா இருக்கறது எப்படி? ரெண்டாவதை நிறைய பேர் விட்டுடறோம்.

பாகம் 1: போர்டிங்ல கேட்க வேண்டிய 7 கேள்விகள்

ஏசி இருக்கா, தினமும் போட்டோ அனுப்புவீங்களா, நீச்சல் குளம் இருக்கான்னு எல்லாரும் கேக்கறோம். அதெல்லாம் நல்லா போற நாளுக்கான கேள்வி. கெட்ட நாளுக்கான கேள்விகள் இவை.

1. ராத்திரி நாய்ங்க கூட யார் இருப்பாங்க?

"ஆள் இருக்காங்க" போதாது. அதே கட்டடத்துல தூங்கறாங்களா? நாய் ஓங்கரிச்சா, முனகினா காதுல விழற தூரமா? பேர் என்ன? சில இடங்கள்ல ராத்திரி ஒன்பதுக்குப் பூட்டிட்டு காலைல ஆறுக்குத்தான் திறக்கறாங்க. கேமரா இருக்கும், ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு அதை யாரும் பார்த்துக்கிட்டு இருக்க மாட்டாங்க. வயித்து முறுக்கு, வலிப்பு, மூச்சுத்திணறல் எல்லாம் ஆபீஸ் டைம் பார்த்து வராது.

கூடவே இன்னொண்ணும் கேளுங்க: "உங்களுக்கே திடீர்னு உடம்பு முடியலைன்னா யார் பார்த்துப்பாங்க?" வீட்ல வெச்சுப் பார்த்துக்கறவங்க பல பேர் ஒத்தை ஆளா நடத்தறாங்க. மாற்று ஆள் பேர் சொல்ல முடியலைன்னா யோசிங்க.

2. ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒரு மணிக்கு எந்த ஆஸ்பத்திரிக்குப் போவீங்க?

இதை அப்படியே இதே வார்த்தைல கேளுங்க. "எங்களுக்கு ஒரு டாக்டர் இருக்கார்"னு பதில் வந்தா, அவர் கிளினிக் எத்தனை மணிக்கு மூடும்னு கேளுங்க. பல கிளினிக் ராத்திரி ஒன்பதோட மூடிடும். நல்ல பதில்ல ரெண்டு இடம் இருக்கும்: பகல்ல போற கிளினிக், ராத்திரில போற ஆஸ்பத்திரி. ரெண்டுக்கும் எவ்வளவு நேரம் ஆகும்னும் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

சொன்னதை நம்பி விட்டுடாதீங்க. ஆடிட்ல நாங்க பண்றதுதான்: கம்பெனி குடுக்கற பேலன்ஸை பேங்க் கிட்டயே நேரடியா கேட்டு உறுதிப்படுத்துவோம். நீங்களும் அவங்க சொன்ன ஆஸ்பத்திரிக்கு ஒரு ராத்திரி பத்தரைக்கு மேல போன் பண்ணிப் பாருங்க. யாராவது எடுக்கறாங்களா, ஆபரேஷன் வசதி ராத்திரில உண்டா, முன்பணம் எவ்வளவுன்னு கேட்டுக் குறிச்சு வைங்க. அஞ்சு நிமிஷ வேலை.

சென்னைல வேப்பேரில கால்நடை மருத்துவக் கல்லூரியோட ஆஸ்பத்திரி இருக்கு. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாட்டுலயும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கு. எந்தப் பிரிவு எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும்னு நேரடியா கேட்டு வெச்சுக்கோங்க.

3. எந்த வண்டில கொண்டு போவீங்க?

ரொம்ப சாதாரணமான கேள்வி, ஆனா பல பேர் இங்கதான் மாட்டுவாங்க. 30 கிலோ லாப்ரடாரை ஸ்கூட்டர்ல கொண்டு போக முடியாது. ராத்திரி ஆப்ல கார் புக் பண்ணா, நாயைப் பார்த்ததும் டிரைவர் கேன்சல் பண்ணலாம். அவங்ககிட்ட கார் இருக்கா, ஓட்டத் தெரிஞ்சவர் ராத்திரில இருப்பாரா, இல்லைன்னா நாயை ஏத்திக்கற தெரிஞ்ச ஆட்டோக்காரர் நம்பர் இருக்கான்னு கேளுங்க. எங்க அக்காவுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கிடைச்சது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பித் திட்டம் போட முடியாது.

4. என் நாயோட தடுப்பூசி புக்கை பார்க்க வேண்டாமா?

இதை நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே அவங்க கேக்கணும். கேக்கலைன்னா, அங்க இருக்கற மத்த நாய்ங்க கிட்டயும் கேக்கலைன்னு அர்த்தம். பார்வோ, டிஸ்டெம்பர் மாதிரி நோய்கள் ஒரு நாய் கிட்டேருந்து இன்னொண்ணுக்கு வேகமா பரவும். பார்வோ வைரஸ் தரையிலயும் பாத்திரத்துலயும் ரொம்ப நாள் உயிரோட இருக்கும். மழைக்காலத்துல எலி மூத்திரம் கலந்த தண்ணி வழியா வர எலிக்காய்ச்சல் நாயிடமிருந்து மனுஷங்களுக்கும் தொத்தும்.

ஊசி போட்ட மறுநாளே பாதுகாப்பு வந்துடாது. ஊருக்குப் போற தேதிக்குக் குறைஞ்சது ரெண்டு வாரம் முன்னாடியே போட்டுடுங்க. கென்னல் இருமலுக்கான ஊசி வேணுமான்னும் அப்பவே டாக்டர்கிட்ட கேளுங்க. போர்டிங்ல ஒரு நாய்க்கு உடம்பு சரியில்லைன்னா தனியா வைக்க ரூம் இருக்கான்னு நேர்ல போய்ப் பாருங்க.

5. வாசல் கதவு ஒண்ணா, ரெண்டா?

புது இடம், பட்டாசுச் சத்தம். பயந்த நாய் கதவு இடுக்குல புகுந்து ஓடிடும். தீபாவளி நேரத்துல தொலைஞ்ச நாய் போஸ்டர் எத்தனை பார்த்திருப்பீங்க! ஒரு கதவை மூடிட்டுத்தான் அடுத்ததைத் திறக்கற மாதிரி ரெட்டைக் கதவு இருக்கணும். உங்க பக்கத்துல நாய் கழுத்துப் பட்டைல உங்க நம்பரும், ஊர்ல இருக்கற இன்னொருத்தர் நம்பரும் போட்ட தகடு இருக்கட்டும். மைக்ரோசிப், மாநகராட்சி லைசென்ஸ் ரெண்டையும் முடிச்சு வைங்க.

6. தண்ணி உள்ள வந்தா, கரன்ட் போனா, தீப்பிடிச்சா?

2015 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கமெல்லாம் நாள் கணக்கா தண்ணியும் வடியல, கரன்டும் வரல. உங்க நாய் இருக்கப்போறது தரைத்தளமா, மாடியா? 2015-ல, 2023-ல அங்க தண்ணி எவ்வளவு வந்தது? வந்தா நாய்ங்களை எங்க மாத்துவாங்க? அந்தத் தெருல இருக்கற டீக்கடைக்காரரைக் கேட்டாலே முட்டி வரைக்குமா, இடுப்பு வரைக்குமான்னு சொல்லிடுவார்.

வெயில் காலத்துல கரன்ட் பிரச்சினை இன்னும் பெரிசு. பக், ஷீட்சு மாதிரி சப்பை மூக்கு நாய்ங்களுக்கு உடம்புச் சூடு சீக்கிரம் ஏறும். இன்வெர்ட்டர் எத்தனை மணி நேரம் தாங்கும், அது ஏசிக்கா, ஃபேனுக்கு மட்டுமான்னு கேளுங்க. கூண்டுக்குப் பூட்டு போடறாங்கன்னா சாவி ராத்திரில யார்கிட்ட இருக்கும்னும் கேளுங்க. தீ விபத்துல சாவி தேடிக்கிட்டு இருக்க நேரம் இருக்காது.

7. முதலுதவிப் பெட்டியைக் காட்டறீங்களா?

"இருக்கு"ன்னு சொன்னா "காட்டுங்க"ன்னு கேளுங்க. தெர்மாமீட்டர் இருக்கணும், அதைப் பயன்படுத்தத் தெரிஞ்சிருக்கணும். நாய்க்கு இயல்பான சூடு ஏறக்குறைய 101-லேர்ந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம்ம 98.6-ஐ வெச்சுப் பார்த்து எல்லா நாய்க்கும் காய்ச்சல்னு சொல்றவர் கிட்ட விடாதீங்க. அதுக்காக 105-ஐ "சும்மா வெயில்"னு விடறவர் கிட்டயும் வேண்டாம்.

ஒரு சோதனைக் கேள்வி: "காய்ச்சல்னா என்ன மாத்திரை குடுப்பீங்க?" பாராசிட்டமால், இப்யூபுரோஃபென்னு பதில் வந்தா எழுந்து வந்துடுங்க. மனுஷங்க மாத்திரை நாய்க்கு விஷமாகலாம். "டாக்டரைக் கேக்காம எதுவும் குடுக்க மாட்டோம்"ங்கறதுதான் சரியான பதில். திராட்சை, சாக்லேட், வெங்காயம் குடுக்கக்கூடாதுன்னு அங்க சமைக்கறவங்களுக்கும் தெரியணும்.

இந்த ஏழையும் கேட்டா சிலர் மூஞ்சி சுளிப்பாங்க. சிலர் உங்களை உட்கார வெச்சு, "போன வருஷம் எங்க கிட்ட ஒரு பீகிளுக்கு வலிப்பு வந்தது, அப்போ இப்படிப் பண்ணோம்"னு கதையே சொல்வாங்க. ரெண்டாவது ஆளைப் பிடிச்சுக்கோங்க. பத்து வருஷமா ஒரு பிரச்சினையும் வந்ததில்லைங்கறது நல்ல பதில் இல்ல. வந்தா என்ன பண்ணணும்னு அவருக்கு இன்னும் தெரியாதுன்னுதான் அர்த்தம்.

கடைசியா, பெரிய பயணத்துக்கு முன்னாடி நீங்க ஊர்ல இருக்கும்போதே ஒரு ராத்திரி விட்டுப் பாருங்க. சாப்பிட்டானா, தூங்கினானா, ராத்திரி பதினொண்ணுக்கு நீங்க போன் பண்ணா எடுத்தாங்களான்னு அன்னைக்கே தெரிஞ்சுடும்.

350 ரூபாய் வித்தியாசம் எவ்வளவு பெரிசு?

முதல்ல கேட்ட கேள்விக்கு வருவோம். 500-க்கும் 850-க்கும் வித்தியாசம் நாளைக்கு 350. அஞ்சு நாள் பயணம்னா 1,750. வருஷத்துக்கு மூணு பயணம்னா 5,250. மாசத்துக்குப் பிரிச்சா 440 ரூபாய்கூட வரல.

அந்த 440 எதுக்குப் போகுதுன்னு பாருங்க. ராத்திரி ஆளுக்கும் வண்டிக்கும் போகுதுன்னா குடுக்கலாம். டர்ஃப் புல்லுக்கும் பர்த்டே கேக்குக்கும் போகுதுன்னா 500 ரூபாய் இடமே மேல். விலை அதிகம்ங்கறதால மட்டும் பாதுகாப்பு அதிகம்னு சொல்ல முடியாது. ஏழு கேள்விக்கும் நல்ல பதில் சொன்ன 500 ரூபாய் வீட்டு போர்டிங்கையும் நான் பார்த்திருக்கேன்.

பில் வாங்குங்க

ஜிபே-ல அனுப்பிட்டு விட்டுடாதீங்க. நாய் பேர், தேதி, தொகை போட்ட ரசீது வேணும். போர்டிங் நடத்தறவர் ஜிஎஸ்டி பதிவு பண்ணியிருந்தா அதுக்கு வரி உண்டு. "பில் வேண்டாம்னா 18% கம்மி"ன்னு சொன்னா ஆசைப்படாதீங்க, பிரச்சினை வந்தா அந்த பில்தான் உங்க ஆதாரம். கால்நடை கிளினிக்ல பண்ற சிகிச்சைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கு. சிகிச்சை பில்லுல ஜிஎஸ்டி போட்டிருந்தா எதுக்குன்னு கேளுங்க. தனியா வாங்கற மருந்து, தீவனத்துக்கு விலக்கு கிடையாது.

இன்னொரு சந்தேகமும் அடிக்கடி வருது. ஆபீஸ் ஹெல்த் இன்ஷூரன்ஸ்ல நாய் வராது, 80டி-லயும் நாய்ச் செலவைக் காட்ட முடியாது. பெட் இன்ஷூரன்ஸ் தனியா இருக்கு. வாங்கறதுக்கு முன்னாடி காத்திருப்புக் காலம், வயசு வரம்பு, நாய் வேற ஒருத்தர் பொறுப்புல இருக்கும்போது நடந்தா கிளெய்ம் உண்டாங்கற மூணையும் பாலிசி வாசகத்துல படிங்க. அப்புறம், பல பாலிசில முதல்ல நாம செலவு பண்ணிட்டுத்தான் திரும்பக் கேக்கணும். ராத்திரி ஒரு மணிப் பிரச்சினையை அது தீர்க்காது.

சட்டம் என்ன சொல்லுது?

சி.ஏ. படிக்கும்போது 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் படிச்சிருப்போம். ஒருத்தர் பொருளை இன்னொருத்தர் பொறுப்புல விட்டு, வேலை முடிஞ்சதும் திருப்பி வாங்கறதுக்கு பெய்ல்மென்ட்னு பேர், பிரிவு 148. மனசுக்குக் கஷ்டமா இருந்தாலும் சட்டத்துக்கு நாயும் ஒரு பொருள்தான். அதே சட்டத்துல பிரிவு 163-க்கு உதாரணமா வர்றதே ஒரு பசுதான். ஒருத்தர் பொறுப்புல விட்ட பசு கன்னு போட்டா, கன்னையும் சேர்த்துத்தான் திருப்பிக் குடுக்கணும்.

பிரிவு 151 படி, பொறுப்பு எடுத்தவர் சாதாரண அறிவுள்ள ஒருத்தர் தன்னோட சொந்தப் பொருளை எப்படிப் பாத்துப்பாரோ அந்த அளவுக்குக் கவனமா இருக்கணும். ஃபார்ம்ல "நாய் இறந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல"ன்னு ஒரு வரி போட்டிருந்தா, எல்லாக் கவனக்குறைவும் மன்னிக்கப்பட்டதா ஆகிடாது. சேவைக் குறைபாடுன்னு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும். குடுத்த கட்டணம் அஞ்சு லட்சம் வரைக்கும்னா புகாருக்கு ஃபீஸ் கிடையாது. ஹெல்ப்லைன் 1915.

என்னை ரொம்ப யோசிக்க வெச்சது பிரிவு 189. அவசர நேரத்துல, நமக்கு நஷ்டம் வராம தடுக்க, புத்தியுள்ள ஒருத்தர் தன் விஷயத்துல என்ன செய்வாரோ அதையெல்லாம் செய்ய நம்ம ஏஜென்ட்டுக்கு அதிகாரம் உண்டுன்னு அது சொல்லுது. 150 வருஷத்துக்கு முன்னாடியே இதை யோசிச்சிருக்காங்க! ஆனா ராத்திரி ஒரு மணிக்கு கிளினிக் ரிசப்ஷன்ல பிரிவு நம்பர் சொன்னா எடுபடாது. கையெழுத்துப் போட்ட காகிதம் எடுபடும். அதுக்குத்தான் அடுத்த பாகம்.

பாகம் 2: நம்ம வீட்டுப்பாடம்

அனுமதிக் கடிதம்

வெள்ளைத்தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு காப்பி போர்டிங்ல, ஒரு காப்பி உங்க வழக்கமான டாக்டர்கிட்ட, ஒண்ணு வாட்ஸ்அப்ல. என் கடிதம் இப்படி இருக்கும், உங்களுக்குத் தகுந்த மாதிரி மாத்திக்கோங்க:

"என் நாய் (பெயர், இனம், வயது, எடை) இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை (பெயர்) அவர்களின் பொறுப்பில் இருக்கும். உயிருக்கு ஆபத்தான நிலை ஏற்பட்டால், என்னைத் தொடர்புகொள்ளும் வரை காத்திருக்காமல், மயக்க மருந்து, அறுவை சிகிச்சை உள்பட மருத்துவர் தேவை எனக் கருதும் சிகிச்சையைத் தொடங்க நான் சம்மதிக்கிறேன். 60,000 ரூபாய் வரையான செலவுக்கு நான் பொறுப்பு. அதற்கு மேல் ஆகும் என்றால் என்னையோ, நான் கிடைக்காவிட்டால் (பெயர், போன்) அவர்களையோ கேட்கவும். அவர் எடுக்கும் முடிவு என் முடிவே. மருத்துவரிடம் கொண்டு செல்லும் வண்டிச் செலவை நான் திருப்பித் தருவேன். நாய்க்கு உள்ள நோய்கள், ஒவ்வாமை, தற்போதைய மருந்துகள்: ..."

இதுல இன்னொரு வரியும் வரணும். எழுதக் கை வராது, ஆனா எழுதுங்க: காப்பாத்த வழியே இல்ல, வலி மட்டும்தான் மிச்சம்னு டாக்டர் எழுத்துல சொன்னா யார் முடிவெடுக்கறது? அந்தச் சுமையை போர்டிங் அக்கா தலைல வைக்கக்கூடாது. ஒரு பேரை நீங்களே போட்டுடுங்க.

நாய் இறந்துபோனா, காரணம் தெரியணும்னாலும் இன்ஷூரன்ஸ் கேக்கணும்னாலும் பிரேதப் பரிசோதனை தேவைப்படலாம். நீங்களோ உங்க ஆளோ வராம அடக்கம் பண்ண வேண்டாம்னு முன்னாடியே சொல்லி வைங்க.

உள்ளூர்ல ஒரு ஆள்

அந்தப் பேர் உங்க கூட பயணம் வராத ஆளா இருக்கணும். கணவன், மனைவி ரெண்டு பேர் நம்பரையும் குடுத்துட்டு ரெண்டு பேரும் ஒரே ஃபிளைட்ல ஏறினா அது ஒரே நம்பர்தான். அதே ஊர்ல இருக்கற ஃபிரண்ட், தம்பி, ஆபீஸ் கொலீக், யாரா இருந்தாலும் ராத்திரி போன் எடுக்கறவரா இருக்கணும். அவரையும் போர்டிங் அக்காவையும் ஒரே வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடுங்க.

பணம் அங்க போய்ச் சேர வழி

மூணு வழி இருக்கு. என் வரிசை இது.

ஒண்ணு, அந்த உள்ளூர் ஆள்கிட்ட முன்கூட்டியே 25,000 அனுப்பி வைக்கறது. பயணம் முடிஞ்சதும் திரும்ப வாங்கிக்கலாம். ரொம்ப சுலபம் இதுதான்.

ரெண்டு, ராத்திரி ஆஸ்பத்திரில முன்பணம் கட்டி வைக்க முடியுமான்னு கேக்கறது. வழக்கமா போற இடம்னா சிலர் ஒத்துப்பாங்க.

மூணு, யுபிஐ சர்க்கிள். உங்க அக்கவுன்ட்லேர்ந்து நம்பிக்கையான இன்னொருத்தர் செலவு பண்ண அனுமதி குடுக்கலாம். முழு அனுமதில ஒரு தடவைக்கு 5,000, மாசத்துக்கு 15,000-ங்கற மாதிரி வரம்பு இருக்கறதால, முதல் ஊசி மருந்துக்கு உதவும், ஆபரேஷனுக்குப் பத்தாது. வீட்டு ஆளுக்கு மட்டும் குடுங்க.

எந்த வழியா இருந்தாலும் ஆஸ்பத்திரி அக்கவுன்ட்டுக்கும் அந்த ஆளுக்கும் ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்துடுங்க. புதுசா சேர்த்த பேருக்கு முதல் நாள் பெரிய தொகை அனுப்பப் பல பேங்க் விடாது. அதை ராத்திரி ரெண்டு மணிக்குக் கண்டுபிடிக்கக்கூடாது.

மாசம் 3,500

வருஷம் மூணு பயணம், அஞ்சு நாள், நாளைக்கு 800-ன்னு வெச்சுக்கிட்டா போர்டிங் 12,000, அதாவது மாசம் 1,000. தனியா ஒரு நாய் எமர்ஜென்சி ஃபண்ட் 50,000. மாசம் 2,500 போட்டா 20 மாசத்துல சேர்ந்துடும். ரெண்டும் சேர்ந்து 3,500. நாய் வாங்கறதுக்கு முன்னாடியே இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க.

முழுசா எஃப்டி-ல போட்டுடாதீங்க. பாதி சேவிங்ஸ் அக்கவுன்ட்ல, பாதி லிக்விட் ஃபண்ட்ல வைங்க. லிக்விட் ஃபண்ட்ல உடனடியா எடுக்கற வசதி உள்ள ஸ்கீமா பாருங்க. அதுலயும் ஒரு நாளைக்கு 50,000 அல்லது உங்க முதலீட்டுல 90 சதவீதம், எது குறைவோ அதுதான் உடனே வரும்.

கடைசியா

இப்போ எங்க வீட்ல கருப்பின்னு ஒரு நாட்டு நாய் இருக்கா. போன தடவை ஊருக்குப் போனப்பவும் அதே அக்கா வீட்லதான் விட்டேன். இப்போ அவங்க சமையல் ரூம் சுவத்துல ரெண்டு ஆஸ்பத்திரி நம்பர், ஒரு ஆட்டோக்காரர் நம்பர், வந்திருக்கற ஒவ்வொரு நாயோட கடிதமும் கிளிப் போட்டுத் தொங்குது. சீனிக்கு அப்புறம் யார் நாய் கொண்டு வந்தாலும் கடிதம் இல்லாம அவங்க உள்ள விடறதில்ல. நானும் ரயில் ஏறினா போனை சைலன்ட்ல போடறதில்ல.

எமர்ஜென்சி ஃபண்ட் எவ்வளவு இருக்குன்னு மாசா மாசம் பார்க்கறீங்க, நல்ல விஷயம். நீங்க தூங்கிக்கிட்டு இருக்கும்போது அதை யார் எடுக்க முடியும்னும் ஒரு தடவை பாருங்க. நாய்க்கு மட்டும் இல்ல, ஊர்ல தனியா இருக்கற அப்பா அம்மாவுக்கும் இதே கேள்விதான். அதைப் பத்தி அடுத்த வீடியோல பேசுவோம்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை பண்ணுங்க: உங்க போர்டிங்ல சொல்ற ஆஸ்பத்திரிக்கு ராத்திரி பத்தரைக்கு மேல ஒரு போன். எடுத்தாங்களா இல்லையான்னு எனக்கும் சொல்லுங்க.